ஓடிக்கொண்டிருக்கும் மருத்துவமனைக்குள் கட்டட வேலை எடுக்கப் போகிறீர்களா?

வீடு, கடை, கல்யாண மண்டபம், சின்ன அபார்ட்மென்ட் என்று இருபது வருடத்துக்கு மேல் சிவில் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்துவருகிறேன். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் மூன்றாவது மாடியை மாற்றி அமைக்கும் வேலை வந்தபோது, அதையும் இன்னொரு கட்டடம் என்றே என்னிடம் பேசினார்கள். ஆர்க்கிடெக்ட் கொடுத்த வரைபடத்தில் சுவர், கதவு, டைல்ஸ், பாத்ரூம் எல்லாம் இருந்தன. மேல் மாடியிலும் கீழ் மாடியிலும் யார் படுத்திருக்கிறார்கள் என்பது மட்டும் அதில் இல்லை. 48 லட்சத்துக்கு எடுத்த வேலை அது. லாபம் பைசா இல்லை, அதற்கு மேல் கைப்பணம் ஆறரை லட்சம் போனது. நான்கு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தது ஒன்பது மாதம் இழுத்தது. அந்த மாதங்களில் நான் நிம்மதியாகத் தூங்கியதாக நினைவில்லை. இரவில் போன் அடித்தாலே வயிற்றைப் பிசையும். எங்கள் தொழிலில் இதை உட்கார்ந்து சொல்லித் தர ஆளில்லை. செய்தவர்கள் ஓரிருவர் இருந்தாலும் "அது பெரிய தலைவலி, எடுக்காதீங்க" என்று முடித்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஊருக்கு ஊர் பழைய மருத்துவமனைகள் இருக்கின்றன, அவற்றை மூடிவைத்துவிட்டுப் புதுப்பிக்க முடியாது, யாராவது செய்துதான் ஆக வேண்டும். தெரிந்துகொண்டு எடுங்கள் என்பதற்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வேலை இதுதான். பழைய பொது வார்டை இடித்து, பாத்ரூமோடு கூடிய தனி அறைகளாக மாற்ற வேண்டும். நடுவில் சிஸ்டர்கள் உட்காரும் நர்ஸ் ஸ்டேஷன், தரைக்கு வினைல், மேலே ஃபால்ஸ் சீலிங், ஒவ்வொரு கட்டிலுக்கும் ஆக்சிஜன் லைன். கீழே இரண்டாவது மாடியில் ஐ.சி.யூ. மேலே நான்காவது மாடியில் புற்றுநோய்க்காரர்களுக்குக் கீமோ கொடுக்கும் வார்டு. முதல் மாடியில் டயாலிசிஸ். கொட்டேஷன் போடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட்டிப்போய் இடத்தைக் காட்டினார்கள். ஓ.பி. கிடையாது, லிஃப்ட் காலி, வாசலில் வண்டி நிறுத்த இடம் தாராளம். திங்கள் காலை பத்து மணிக்கு அதே இடத்தில் காலை வைக்க முடியாது. அதனால் விலை எழுதுவதற்கு முன் ஒரு வேலைநாள் முழுவதும், காலை ஆறு மணியிலிருந்து இரவு வரை, அங்கேயே இருந்து பாருங்கள். டாக்டர்கள் எப்போது ரவுண்ட்ஸ் வருகிறார்கள், சாப்பாட்டு வண்டி எப்போது வருகிறது, பார்வையாளர் நேரம் எது, ஸ்ட்ரெச்சர் எந்த லிஃப்டில் போகிறது, அந்த லிஃப்ட் எப்போதாவது காலியாக இருக்கிறதா என்று கவனியுங்கள். உங்கள் ஆட்கள் எந்த டாய்லெட்டுக்குப் போவார்கள், எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், ஆம்புலன்ஸ் வழியை மறிக்காமல் மணல் லாரி எங்கே நிற்கும் என்பதையும் கேட்டு வையுங்கள். இது ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. வீட்டுக்குப் போடும் சதுர அடி ரேட்டில் இவை எதுவும் அடங்காது.

முதல் நாள் பிரேக்கர் வைத்துச் சுவரை இடிக்க ஆரம்பித்த அரை மணி நேரத்துக்குள் ஒரு சிஸ்டர் மேலே வந்து வேலையை நிறுத்தச் சொன்னார். தொற்றுக் கட்டுப்பாட்டுப் பொறுப்பு அவருடையது. அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதையே அதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை. வழியில் நாங்கள் தார்ப்பாய் கட்டியிருந்தோம். அவர் அதைப் பார்த்துவிட்டு, "சார், மேல கீமோ வார்டு இருக்குன்னு உங்ககிட்ட யாருமே சொல்லலையா?" என்று கேட்டார். அப்புறம் பொறுமையாக விளக்கினார். பழைய பூச்சு, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் வருடக்கணக்கில் படிந்த தூசி, ஈரம் பாய்ந்த சுவர் எல்லாவற்றிலும் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் இருக்கும். இரண்டு மூன்று மைக்ரான்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, சீக்கிரம் கீழே படியாது, காற்று போகிற பக்கமெல்லாம் போகும். நாம் தினமும் அதைச் சுவாசிக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. கீமோவால் வெள்ளை அணுக்கள் குறைந்துபோனவர்களுக்கும், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்கும் அது நுரையீரலில் பிடித்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. வெளிநாடுகளில் மருத்துவமனைகளுக்குள் இந்த நோய் பலருக்கு ஒரே சமயத்தில் வந்தபோது, பக்கத்தில் நடந்த இடிப்பு வேலைதான் காரணம் என்று பல முறை கண்டுபிடித்திருக்கிறார்கள். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த அரை மணி நேரத் தூசி மாடிப்படி வழியாக மேலே ஏறியிருக்குமா என்ற ஒரே நினைப்பு. மேலே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அவரே பிறகு சொன்னார். ஆனாலும் அந்தப் பயம் வேலை முடியும்வரை போகவில்லை.

அவர் சொல்லித் தந்த முறைக்கு ஐ.சி.ஆர்.ஏ., அதாவது தொற்று அபாய மதிப்பீடு, என்று பெயர். செய்யப்போகும் வேலை எவ்வளவு தூசி கிளப்பும் என்பதை ஒரு பக்கமும், சுற்றியிருக்கும் நோயாளிகள் எவ்வளவு பலவீனமானவர்கள் என்பதை இன்னொரு பக்கமும் வைத்துக் கட்டம் போட்டுப் பார்ப்பார்கள். சீலிங் பலகை ஒன்றைத் தூக்கி எட்டிப்பார்ப்பது லேசான வேலை, சுவர் இடிப்பது கனமான வேலை. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் எந்த வகுப்பு வருகிறதோ அதற்கான தடுப்பைப் போட வேண்டும். மருத்துவமனைத் தரத்துக்கான என்.ஏ.பி.எச். அங்கீகாரம் வைத்திருக்கிற அல்லது வாங்க நினைக்கிற மருத்துவமனைகளில் இதைக் கேட்பார்கள். டெண்டர் கையில் வந்ததும் "இந்த வேலைக்கு ஐ.சி.ஆர்.ஏ. போட்டாச்சா? எந்த வகுப்பு?" என்று நீங்களே முதலில் கேளுங்கள். போடவில்லை என்றால் போட்ட பிறகுதான் விலை சொல்வேன் என்று நில்லுங்கள். எங்களுக்கு வேலை ஆரம்பித்த பிறகு போட்டார்கள். தடுப்புக்கான பொருள் வந்து சேர்கிறவரை வாரக்கணக்கில் ஆட்கள் சும்மா இருந்தார்கள், கூலி என் கையிலிருந்து போனது.

தடுப்பு என்றால் எப்படி என்பதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் அதிகம் போவது இங்கேதான். இரும்புச் சட்டம் போட்டு இரண்டு பக்கமும் ஜிப்சம் போர்டு அடிக்க வேண்டும். அது தரையிலிருந்து மேல் கான்கிரீட் தளம்வரை போக வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்தினால் பிரயோஜனம் இல்லை, சீலிங்குக்கு மேல் இருக்கும் காலி இடம் காரிடார் முழுக்க ஒன்றாகத்தான் இருக்கும், தூசி அதன் வழியாகப் போய்விடும். இணைப்புகளில் டேப், பைப் போகிற ஓட்டைகளில் சீலன்ட். வேலை நடக்கும் பகுதியில் உள்ள ஏ.சி. டக்ட் வாய்களை மூடி ஒட்ட வேண்டும். உள்ளே போகும் வழியில் இரண்டு கதவோடு ஒரு சின்ன அறை. ஆட்கள் அங்கே மேல் உடையைக் கழற்றி, காலைத் துடைத்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். வாசலில் ஒட்டும் பாய். அதற்குப் பிறகு ஹெப்பா ஃபில்டர் போட்ட மெஷின். 0.3 மைக்ரான் துகளைக்கூட 99.97 சதவீதம் பிடித்துவிடும் ஃபில்டர் அது. மெஷின் உள்ளேயிருந்து காற்றை இழுத்து ஜன்னல் வழியாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் வேலை இடத்தில் காற்றழுத்தம் காரிடாரைவிடக் குறைவாக இருக்கும், காற்று எப்போதும் வெளியிலிருந்து உள்ளேதான் வரும். 2.5 பாஸ்கல் வித்தியாசமாவது இருக்க வேண்டும் என்று அளவு சொன்னார்கள். அதை அளக்கும் மீட்டர் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. எங்கள் மேஸ்திரி அதோடு ஒரு டிஷ்யூ தாளையும் கதவு இடுக்கில் பிடித்துப் பார்ப்பார். தாள் உள்பக்கம் சாய்ந்தால்தான் வேலையை ஆரம்பிப்பார். அந்தப் பழக்கத்தை எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள், மீட்டர் பழுதானாலும் அது காட்டிக்கொடுக்கும். தடுப்புக்கும் மெஷின் வாடகைக்கும் சேர்த்து எனக்கு இரண்டு லட்சத்துக்குக் கிட்டப் போனது. வேலைகளையும் அளவுகளையும் பட்டியல் போடும் பி.ஓ.க்யூ.வில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

அடுத்தது நேரம். மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்க 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வழி செய்கின்றன. அந்த மண்டலத்தில் பகலில் 50 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை 40 டெசிபல். பிரேக்கர் சத்தம் அதற்கெல்லாம் எங்கேயோ மேலே. இரவில் இடித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் முதலில் இதை மனதில் வையுங்கள், வார்டில் இருப்பவர்கள் தூங்குவதே இரவில்தான். எங்களுக்குக் காலை ரவுண்ட்ஸ் முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு பொழுது, மாலை பார்வையாளர் நேரத்துக்கு முன் ஒரு பொழுது, அவ்வளவுதான் சத்த வேலைக்கு அனுமதி. அதிலும் கீழே ஐ.சி.யூ.வில் யாருக்காவது நிலைமை மோசமானால் போன் வரும், உடனே நிறுத்த வேண்டும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் முழு நாள் கூலி, வேலை நடப்பது அரை நாள். இந்த ஒரு காரணத்தாலேயே மூன்று லட்சத்துக்கு மேல் போனது. அப்புறம்தான் பிரேக்கரை ஓரம் வைத்துவிட்டு, தண்ணீர் விட்டு அறுக்கும் டைமண்ட் கட்டருக்கு மாறினோம். சுவரைத் துண்டு துண்டாக அறுத்து எடுப்பதால் தளத்தில் அதிர்வு குறைவு, தூசியும் குறைவு. தண்ணீர் கீழே ஒழுகாமல் பக்கத்திலேயே ஒருவர் வெட் வாக்குவம் வைத்து உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். வாடகை அதிகம்தான், ஆனால் நின்று நின்று செய்வதைவிட மலிவு. முதலிலேயே அதற்கு ரேட் போடுங்கள்.

ஒரு நாள் மதியம் தடுப்புக் கதவை யாரோ தட்டினார்கள். அறுபது வயதிருக்கும், வேட்டி கட்டியவர். ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருப்பவர் என்று பார்த்தாலே தெரிந்தது. "தம்பி, கீழ என் வீட்டம்மா இருக்காங்க. ஒரு மணி நேரம் நிறுத்த முடியுமா?" என்றார். எங்களுக்கு அது அனுமதிக்கப்பட்ட நேரம். அன்றைக்கு விட்டால் மறுநாள்தான். நிறுத்தினோம். மருத்துவமனை நிர்வாகத்தில் யாரையும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களும் கூலி போய்விடுமோ என்று முணுமுணுக்கவில்லை. அந்த அம்மாவுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மாதிரி நிறுத்தங்கள் வரும், வந்தால் நிறுத்தத்தான் வேண்டும். அதற்கான கூலியை உங்கள் கையிலிருந்து கொடுக்கும் நிலையில் நீங்கள் இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் ஒரு நாள் மனசு கல்லாகிவிடும். நிறுத்த நேரத்துக்கான கூலி தனி என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தால், நிறுத்தச் சொல்கிறவரிடம் நிம்மதியாகச் "சரிங்கய்யா" என்று சொல்லலாம்.

இடிபாட்டைக் கீழே இறக்குவதும் இரவு பத்து மணிக்கு மேல்தான். சாக்கில் கட்டி, சாக்கை வெளியே துடைத்து, மூடிய தள்ளுவண்டியில் வைத்து லிஃப்டில் இறக்கி, லிஃப்டைக் கழுவித் துடைத்துக் கொடுத்துவிட்டு வர வேண்டும். இன்னொன்று, பழைய வார்டுகளின் டக்ட்டுக்குள்ளும் சீலிங்குக்கு மேலும் பழைய ஊசி, கண்ணாடிக் குப்பி, ஐ.வி. செட் எல்லாம் கிடக்கும். எங்கள் சித்தாள் ஒருவருக்குக் கையில் ஊசி ஏறியது. மருத்துவமனையே உடனே ரத்தப் பரிசோதனை செய்து மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டது, அவர் நலமாக இருக்கிறார். அந்த முடிவு வரும்வரை அவரும் அவர் வீட்டுக்காரரும் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். இடிக்கும் ஆட்கள் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுவிடுங்கள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று என்று மூன்று டோஸ் என்பதால் வேலை கிடைத்ததுமே ஆரம்பிக்க வேண்டும். தோல் கையுறையும் தூசிக்கான நல்ல முகக்கவசமும் கொடுங்கள். துணி கட்டிக்கொள்வது போதாது, கான்கிரீட்டையும் டைல்ஸையும் அறுக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். ஊசி, குப்பி கிடைத்தால் இடிபாட்டுச் சாக்கில் போடாமல் சிஸ்டரைக் கூப்பிட்டு மருத்துவக் கழிவில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கரன்ட் விஷயத்தில் பட்டதையும் சொல்ல வேண்டும். வார்டின் பழைய ஒயரிங்கைக் கழற்றுவதற்காக ஒரு மாலை டி.பி.யில் (கரன்ட் பிரியும் பெட்டியில்) "மூன்றாம் மாடி கிழக்கு" என்று எழுதியிருந்த எம்.சி.பி. சுவிட்சை எங்கள் எலெக்ட்ரீஷியன் இறக்கினார். மருத்துவமனையின் மெயின்டனன்ஸ் ஆள் பக்கத்திலேயே இருந்தார். மறுநாள் காலையில்தான் தெரிந்தது, பல வருடங்களுக்கு முன் யாரோ அதே லைனிலிருந்து கீழ் மாடி மருந்து ஃபிரிட்ஜுக்கு ஒரு பாயின்ட் இழுத்திருக்கிறார்கள். இன்சுலின் போன்றவற்றை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். இரவு முழுக்க ஃபிரிட்ஜ் ஓடாததால் அத்தனையையும் அப்புறப்படுத்தினார்கள், 38,000 ரூபாயை என் பில்லில் கழித்தார்கள். லேபிளை எழுதியவர் நானில்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. வென்டிலேட்டர் இருந்த லைனாக இல்லாமல் போனதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பழைய மருத்துவமனையில் எந்த லேபிளையும் வரைபடத்தையும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு எம்.சி.பி.யாக இறக்கி, அதே நேரத்தில் எல்லா மாடியிலும் ஒரு ஆள் நின்று எது அணைகிறது என்று போனில் சொல்ல வேண்டும். அதை எழுதி, நர்சிங் பொறுப்பாளரிடமும் மெயின்டனன்ஸிடமும் மருத்துவக் கருவிகளைக் கவனிக்கும் பயோமெடிக்கல் இன்ஜினியரிடமும் கையெழுத்து வாங்கிய பிறகே எதையும் கழற்றுங்கள். யு.பி.எஸ். லைனில் உங்கள் கட்டிங் மெஷினைச் சொருகவே கூடாது. வேலைக்கென்று தனி டெம்பரரி டி.பி., கரன்ட் கசிந்தால் தானே அணைக்கும் தனி ஈ.எல்.சி.பி. போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட நீண்ட இழுபறி பாத்ரூமில். வரைபடத்தில் ஒவ்வொரு அறைக்கும் உள்பக்கமாக ஒரு பாத்ரூம். பழைய வார்டில் தளம் சமமாக வார்த்திருந்தது, பாத்ரூமுக்கென்று பள்ளம் விடவில்லை. வீடாக இருந்தால் தளத்தில் ஓட்டை போட்டு, நாற்றம் திரும்பி வராமல் தடுக்கும் ட்ராப்பையும் பைப்பையும் கீழ் வீட்டு சீலிங்கில் தொங்கவிட்டு மறைத்துவிடுவார்கள். இங்கே கீழே ஐ.சி.யூ. அந்த வரைபடப்படி செய்தால் ஒவ்வொரு ஓட்டைக்கும் கீழே உள்ள கட்டிலை நகர்த்தி, அங்கே சீலிங்கைத் திறந்து, மறுபடி தடுப்புக் கட்ட வேண்டும். அதைவிட மோசம், வேலை முடிந்த பிறகும் வாழ்நாள் முழுக்கக் கழிவுநீர்க் குழாய் வென்டிலேட்டர் நோயாளியின் தலைக்கு மேல் போகும். ஐ.சி.யூ. டாக்டர் ஒரேயடியாக முடியாது என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். ஆர்க்கிடெக்டும் நிர்வாகமும் டாக்டரும் பேசித் தீர்க்கிறவரை பிளம்பிங் நின்றது. கடைசியில் பாத்ரூம்களை வெளிச்சுவர்ப் பக்கம் மாற்றினோம். சுவரில் மாட்டும் கிளாசெட் போட்டு, கழிவுக் குழாயைத் தளத்தைத் துளைக்காமல் வெளிச்சுவர் வழியாக வெளியே கொண்டுபோனோம். குளிக்கும் தண்ணீருக்குப் பக்கவாட்டில் போகும் ட்ராப். அதற்காகப் பாத்ரூம் தரையை மூன்று அங்குலம் உயர்த்த வேண்டியிருந்தது. வாசலில் படி வைத்தால் வீல்சேர் ஏறாது, வாக்கர் பிடித்து நடப்பவர் தடுக்கி விழுவார், அதனால் சரிவாகக் கொண்டுவந்தோம். வாட்டர் ப்ரூஃபிங் முடிந்ததும் தண்ணீர் கட்டி நிறுத்திச் சோதித்த நாட்களில் காலை மாலை கீழே போய் ஐ.சி.யூ. சீலிங்கைப் பார்த்துவிட்டு வந்தேன். மாடியில் பாத்ரூம் வேலை இருந்தால் கீழ் மாடி சீலிங்கில் என்ன இருக்கிறது, எந்த இடத்தில் குழாய் இறங்கலாம் என்று கீழ் மாடி டாக்டரிடம் கையெழுத்து வாங்கிய வரைபடம் இல்லாமல் விலை கொடுக்காதீர்கள்.

தண்ணீரை நிறுத்துவதிலும் அப்படித்தான். எங்கள் மாடிக்கு வரும் பைப்பே கீழே டயாலிசிஸுக்குத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. பிளான்டுக்கும் போனது. ஒரு டயாலிசிஸ் நான்கு மணி நேரம், அதற்கு நிமிடத்துக்கு 500 மில்லி திரவம் ஓடும், ஒருவருக்கே 120 லிட்டர். நடுவில் நிறுத்த முடியாது. கடைசி ஷிப்ட் முடிந்த பிறகு இரவில் வால்வை மூடி, இணைப்புக் கொடுத்து, குழாயில் கலங்கல் போகும்வரை திறந்துவிட்டு, விடிவதற்குள் ஒப்படைத்தோம். மாதக்கணக்கில் மூடிக்கிடந்த குழாய்களில் லீஜியோனெல்லா என்ற கிருமி வளரும். பழைய குழாயை அப்படியே பாதியில் அடைத்து விட்டுவிடாமல் மெயின் லைன்வரை வெட்டி எடுத்துவிடுங்கள். திறப்பதற்கு முன் எல்லாக் குழாயையும் நன்றாக ஓடவிடுங்கள்.

ஆக்சிஜன் லைன் என் வேலை இல்லை, அதற்கு வேறு நிறுவனம். ஆனால் சீலிங் சேனலுக்கு டிரில் போடுவது நம் ஆள்தானே. காப்பர் பைப் போகும் பாதையைத் தளத்தின் அடியிலேயே பெயின்ட்டால் குறித்து வையுங்கள். மெயின் லைனில் இணைக்கிற நாளில் அந்தப் பகுதி வால்வை மூடுவார்கள், ஆக்சிஜனில் இருக்கும் ஒவ்வொரு நோயாளியையும் சிலிண்டருக்கு மாற்றிய பிறகுதான் மூட வேண்டும். அந்த இரவு மயக்கவியல் டாக்டர் முன்னால் நின்றால் மட்டுமே வேலை. முடிந்த பிறகு அழுத்தச் சோதனையோடு நிறுத்தாமல், ஒவ்வொரு வாயிலும் சரியான வாயுதான் வருகிறதா என்று அனலைசர் வைத்துப் பார்க்க வேண்டும். 2011இல் நாகர்கோவில் அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயு போய், கோமாவுக்குச் சென்று, மறு ஆண்டு இறந்துபோனார். அந்தச் செய்தி தெரிந்தவர்கள் இந்தச் சோதனைக்கு அவசரப்படுத்த மாட்டார்கள்.

தீ. எங்கள் தடுப்பு காரிடாரின் ஒரு பக்க மாடிப்படியை மறைத்துவிட்டது. மருத்துவமனையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை, ஃபயர் ஆபீசர் வந்து பார்த்துவிட்டு மாற்றச் சொன்னார். 2011 டிசம்பரில் கொல்கத்தாவின் ஆம்ரி மருத்துவமனையில் அடித்தளத்தில் பிடித்த தீயின் புகை மேல் மாடிகளுக்கு ஏறி ஏறக்குறைய 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் எழுந்து ஓட முடியாத நோயாளிகள், புகையில் மூச்சுத் திணறிப் போனவர்கள். தூசியால் ஸ்மோக் டிடெக்டர் அடிக்கும் என்று மூடி போடுவோம். அந்த மூடியை ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் கழற்றியே ஆக வேண்டும். எங்கள் இடத்தில் ஒருவருக்கு அது மட்டுமே பொறுப்பு, எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். வெல்டிங்கோ பிரேசிங்கோ இருந்தால் தனி பர்மிட், முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் ஒரு ஆள் காவல் இருக்க வேண்டும்.

கடைசிக் கட்டத்தில்தான் அவசரப்படுத்துவார்கள். ஏற்கெனவே தாமதம், ரூம் வருமானம் போகிறது, திறப்பு விழா தேதி குறித்தாகிவிட்டது என்று நெருக்கினார்கள். வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்த நேரம், வினைலுக்கு அடியில் போடும் சிமென்ட் ஸ்க்ரீட் காயவில்லை. வினைல் ஒட்டுபவர் வேண்டாம் என்றார், நிர்வாகம் ஒட்டுங்கள் என்றது. ஒட்டிய சில வாரங்களில் மூன்று அறைகளில் கொப்புளம் கிளம்பியது. பிரித்து மறுபடி ஒட்ட 90,000 ரூபாய். பாலிதீன் ஷீட்டை ஒரு மீட்டர் சதுரத்துக்கு வெட்டித் தரையில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள், அடியில் ஈரம் கோர்த்தால் ஒட்டாதீர்கள். அதை போட்டோ எடுத்து நிர்வாகத்துக்கு அனுப்பிவிடுங்கள். அப்போதும் ஒட்டு என்றால் எழுத்தில் கேளுங்கள். பெயின்ட்டில் தின்னர் கலந்தது எதுவும் வேண்டாம், வாசனை ஏ.சி. வழியாகப் பக்கத்து வார்டுக்குப் போய் ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு வந்துவிடும். தண்ணீர் அடிப்படையிலான பெயின்ட்டே போதும். தடுப்பைக் கழற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி வேலை. உள்ளே சீலிங் மேல்பக்கம் உட்பட ஹெப்பா வாக்குவத்தால் எடுத்து, ஈரத் துணியால் துடைத்து, தொற்றுக் கட்டுப்பாட்டு சிஸ்டர் பார்த்துச் சரி என்ற பிறகு, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரவில் கழற்றுங்கள். சுவர், தரை, காற்று மாதிரிகளை லேபுக்கு அனுப்பிக் கல்ச்சர் ரிப்போர்ட் வரச் சில நாட்கள் ஆகும். அந்த நாட்களையும் உங்கள் கால அட்டவணையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பில்லுக்கு வருகிறேன். நிறுத்தச் சொன்ன நேரத்துக்கான கூலியைக் கேட்டபோது, "எங்கே எழுத்து?" என்று கேட்டார்கள். எல்லாம் போனிலும் நேரிலும் சொன்னவை. ஒன்றுக்கும் காகிதம் இல்லை. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி என்று கொட்டேஷனில் எழுதியிருந்தது மட்டும் காப்பாற்றியது. மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால் நாம் போடும் வரியை மருத்துவமனை திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது, அவர்களுக்கு அது முழுச் செலவு. ஆகவே கடைசியில் அதில் பேரம் வரும், தயாராக இருங்கள். இப்போது மருத்துவமனைக்கு நான் கொடுக்கும் கொட்டேஷனில் தடுப்பு, ஹெப்பா மெஷின், தினசரி சுத்தம், இரவு இறக்குக் கூலி எல்லாம் தனித்தனி ஐட்டமாக இருக்கும். சத்த வேலைக்கு ஒரு நாளில் இத்தனை மணி நேரம் என்று எழுதி, அதற்குக் குறைந்தால் மணிக்கு இவ்வளவு என்று ரேட் போடுகிறேன். வேலையை நிறுத்தவும் தொடங்கவும் சொல்லும் அதிகாரம் மருத்துவமனையில் ஒரே ஒருவருக்குத்தான் என்று பெயரோடு எழுதி வாங்குகிறேன். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அவர் அந்த நிமிடமே வாட்ஸ்அப் குழுவில் நேரத்தோடு ஒரு வரி போட வேண்டும். விலையைப் பார்த்துவிட்டுச் சிலர் வேறு ஆளைத் தேடிப் போகிறார்கள். போகட்டும்.

அந்த முதல் வேலையின் பில்லில் பிடித்துவைத்த ரிட்டென்ஷன் பணம் 5 சதவீதம் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது, குறை வந்தால் நாமே சரிசெய்ய வேண்டிய டிஃபெக்ட் காலம் ஒரு வருடம் முடிந்தால்தான் கிடைக்கும். ஒரு அறையில் வினைல் ஜாயின்ட் வெல்டிங் லேசாக விட்டிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரம் அந்த அறை காலியாகிறது, பர்மிட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.